திறக்காத பூட்டு

மழை பெய்து கொண்டிருந்தது. வயலில் மோட்டார் கொட்டகை. உள்ளேயிருந்து கருகும் வாடை வந்தது. விவசாயி ஓடி வந்தார். மெயின் சுவிட்சை உடனே அணைக்க வேண்டும். பூட்டில் சாவியைப் போட்டார். சாவி திரும்பவில்லை. பலமாகத் திருகினார். சாவி முறிந்தது. கல்லால் பூட்டை உடைத்து உள்ளே போனார். அதற்குள் மோட்டாரின் காயில் கருகிவிட்டது.

பூட்டு அன்று ஒரே நாளில் கெட்டுப் போகவில்லை. பல மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டது. யாரும் கவனிக்கவில்லை.

பூட்டு ஏன் இறுகுகிறது?

பூட்டுக்குள் சின்னச் சின்ன முளைகளோ தகடுகளோ இருக்கும். ஸ்பிரிங்குகள் அவற்றை அழுத்திக் கொண்டிருக்கும். சரியான சாவியைப் போட்டால் அவை நகர்ந்து வழிவிடும். பூட்டு திறக்கும். புழுதி புகுந்தால் அவை நகராது. ஈரம் புகுந்தால் இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கும்.

பித்தளைப் பூட்டு துருப்பிடிக்காதே என்று சிலர் கேட்பார்கள். பித்தளை துருப்பிடிக்காது. ஆனால் மேலே உள்ள வளைந்த கம்பி பெரும்பாலும் எஃகு. அது துருப்பிடிக்கும்.

உத்தரப் பிரதேசத்தில் அலிகார், தமிழ்நாட்டில் திண்டுக்கல். இரண்டும் பூட்டுக்குப் பேர் போன ஊர்கள். எந்த ஊர்ப் பூட்டானாலும் மண்ணும் ஈரமும் அதற்குப் பகை.

எந்த எண்ணெய் நல்லது?

பூட்டு இறுகினால் பலர் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். முதலில் சாவி சுலபமாகத் திரும்பும். நாளாக ஆக எண்ணெய் பிசுபிசுக்கும். அதில் புழுதி ஒட்டும். கிரீஸும் அப்படித்தான். தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெயே நல்லது.

என்ன செய்ய வேண்டும்?

1. பூட்டைத் திறந்து கழற்றுங்கள். பழைய பிரஷ்ஷால் மண்ணைத் தட்டுங்கள்.

2. சாவித் துவாரத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விடுங்கள். சாவியைப் போட்டுப் பலமுறை திருப்புங்கள். அழுக்கு வெளியே வரும். பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது.

3. பூட்டைத் தலைகீழாக வைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

4. சாவித் துவாரத்தில் 2 சொட்டு எண்ணெய் விடுங்கள். கம்பி நுழையும் துளைகளிலும் 2 சொட்டு விடுங்கள். வழியும் எண்ணெயைத் துணியால் துடையுங்கள்.

5. மண் ஒட்டிய சாவியைப் பூட்டில் போடாதீர்கள். சாவி திரும்பாவிட்டால் பலமாகத் திருகாதீர்கள்.

பூட்டுக்கு மேலே கதவில் பழைய லாரி டியூப் துண்டு ஒன்றை ஆணி அடித்துத் தொங்கவிடலாம். மழையும் புழுதியும் நேராகப் படாது. பாலித்தீன் பையால் இறுக்கிக் கட்டக் கூடாது. உள்ளே ஈரம் தங்கிவிடும்.

மாதம் ஒருமுறை பூட்டைக் கவனித்தால் போதும். அமாவாசை தோறும் என்று வைத்துக் கொண்டால் மறக்காது. மழைக்காலம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் கட்டாயம் கவனிக்க வேண்டும். மாற்றுச் சாவி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

பூட்டு திருடனைத் தடுக்க வேண்டும். சொந்தக்காரரைத் தடுக்கக் கூடாது.