நாரத்தையும் குடமிளகாயும் சேர்த்து ஜெல்லி காய்ச்சுதல்

காவேரிப் பாசனத்துக்கு உட்பட்ட தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஜில்லாக்களின் கிராமங்களில், கொல்லைக் கிணற்றடியில் துவைக்கும் ஜலம் ஓடிப் பாயும் இடத்தில் ஒரு நாரத்தை மரம் நிற்பது சகஜமான காட்சி. நெற்பயிருக்குக் காட்டும் கவனத்தில் நூற்றிலொரு பங்குகூட அந்த மரத்துக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் காய்க்கும் காலத்தில் அது கிளை தாழக் காய்த்துவிடுகிறது. வீட்டு ஸ்திரீகள் சில காய்களைச் சுருள் சுருளாக அரிந்து உப்பு அடைத்து வெயிலில் உலர்த்தி, தயிர்ச் சோற்றுக்கென்று ஜாடியில் சேர்த்து வைக்கிறார்கள். சில காய்கள் அண்டை வீடுகளுக்குப் போகின்றன. மிகுந்தவை மரத்தடியில் விழுந்து அழுகுகின்றன. இரண்டு கூடைக் காயைச் சந்தைக்குக் கொண்டுபோனால் வண்டிச் சத்தத்துக்கே கட்டாது என்று குடியானவர்கள் சொல்வதிலும் நியாயமுண்டு.

அவ்வாறு வீணாகும் காயிலிருந்து குடமிளகாயைத் துணையாகக் கொண்டு உறைப்பும் புளிப்பும் இனிப்பும் கூடிய ஜெல்லி ஒன்றைச் செய்துகொள்ளலாம். இது மேல்நாட்டுப் பண்டமாயிற்றே, நமது நாக்குக்கு ஒத்து வருமா என்று சிலர் ஐயுறக்கூடும். மாங்காயையும் வெல்லத்தையும் மிளகாயையும் ஒன்றாய்க் கூட்டி வருஷப் பிறப்பன்று பச்சடி செய்யும் நமக்கு இந்தச் சுவை புதிதன்று. கூழ் நிலையிலிருப்பதைக் கட்டி நிலைக்குக் கொண்டுவரும் முறை ஒன்றே புதிது.

குடமிளகாய் என்னும் பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் மோர்மிளகாய் போடுவதற்காக வாங்கும் சிறிய, குண்டான மிளகாயையே இப்பெயரால் வழங்குவர். பட்டணத்துக் கடைகளிலோ உள்ளங்கை நிறையும் பெரிய, காரமே இல்லாத காய் இதே பெயரில் விற்கிறது. பெரிய காய்க்கு நமது சமவெளியின் வெப்பம் ஒவ்வாது. இராக்காலத்திலும் உஷ்ணம் தணியாவிட்டால் பூக்கள் உதிர்ந்துவிடும். ஆகையால் ஓசூர்ப் பக்கத்து நிழல்வலைக் கூடாரங்களிலும் நீலகிரியிலும் விளைவதையே வாங்கவேண்டியிருக்கிறது. நமது ஜெல்லிக்கு இரண்டும் வேண்டும்: சதைக்கும் நிறத்துக்கும் நன்றாய்ச் சிவந்த பெரிய காய், உறைப்புக்கு ஊர்க் காய் மூன்று அல்லது நான்கு.

ஜெல்லி உறைவது எவ்வாறு என்பதைத் தெரிந்துகொண்டால், செய்முறையை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமில்லை. காய்கனிகளின் சதையில் ஜீவ அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பசை போன்ற வஸ்து ஒன்று இருக்கிறது. பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி ஆன்றி பிரகோனோ 1825-ல் இதை ஆராய்ந்து, உறைதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரிட்டார். இன்று நாம் பெக்டின் என்று வழங்குவது அதுவே. நீரில் கரைந்த பெக்டின் நீண்ட இழைகளாய் மிதக்கும்; அந்த இழைகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் இயல்புடையவை. புளிப்புச் சேர்ந்தால் அந்த விலக்கம் அடங்குகிறது. சர்க்கரை மிகுதியாய்ச் சேர்ந்தால் இழைகளைச் சூழ்ந்திருக்கும் ஜலத்தை அது தன்பால் இழுத்துக்கொள்கிறது. அப்போது இழைகள் நெருங்கிப் பின்னி, மீதி ஜலத்தைத் தம்முள்ளே பிடித்து நிறுத்தும் வலையாகின்றன. பெக்டின், புளிப்பு, சர்க்கரை ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் பாத்திரத்தில் மிஞ்சுவது பாகுதான்.

குடமிளகாயைத் தனியே எடுத்தால் உறைவதற்கு வேண்டிய பெக்டினும் போதாது, புளிப்பும் போதாது. நாரத்தையில் இரண்டும் நிறைந்திருக்கின்றன. அதிலும் கவனிக்க வேண்டியது யாதெனில், பெக்டின் அதிகமாயிருப்பது சாற்றிலன்று. மேல்தோலுக்கும் சுளைக்கும் நடுவே ஒரு விரற்கனத்துக்கு நிற்கும் வெள்ளைச் சதையிலும் விதைகளைச் சூழ்ந்த வழுவழுப்பிலுமே அது மிகுதியாயிருக்கிறது. சாறு பிழிந்தபின் குப்பைமேட்டுக்குப் போகும் பகுதிதான் இந்தத் தொழிலின் மூலதனம்.

புளிப்பு விஷயத்தில் ருசிக்கு அப்பாலும் ஒரு காரணம் இருக்கிறது. புளிப்பின் அளவைக் காட்டும் பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம் என்று பொருள். குடமிளகாயின் எண் ஏறக்குறைய 5. காற்றுப்புகாமல் மூடிய புட்டிக்குள் வளர்ந்து, பாட்டுலிசம் என்னும் உயிர்கொல்லி நோயை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும் கிருமி 4.6-க்கு மேற்பட்ட எண்ணில்தான் பெருகவல்லது. ஜெல்லி நன்றாய் உறைவதோ 3.2-ஐ ஒட்டிய எண்ணில். ஆகவே முறைப்படி புளிப்புக் கூட்டிய ஜெல்லியில் அக்கிருமிக்கு இடமில்லை. 'எங்கள் வீட்டில் புளிப்பு ஆகாது' என்று நாரத்தைச் சாற்றைக் குறைப்பதும், சிவப்பு நன்றாயிருக்கிறதென்று மிளகாயை இரட்டிப்பதும் அபாயகரமான மாறுதல்கள். இனிப்பிலும் காரத்திலும் அவரவர் இஷ்டம்போல் சற்று மாற்றிக்கொள்ளலாம். சாற்றின் அளவில் மட்டும் கை வைக்கலாகாது.

இனிச் செய்முறை. முற்றி, பச்சை நிறம் மாறி மஞ்சள் தலைகாட்டும் காய்களாக ஒரு கிலோ எடுத்துக்கொள்க. கனிந்து மெத்தென்றானவற்றில் பெக்டின் சிதைந்து போயிருக்கும், அவை உதவா. காய்களைக் கழுவி, மணமுள்ள மேல்தோலைக் கத்தியால் மெல்லியதாய்ச் சீவிவிட வேண்டும். அதை உலர்த்தி நாரத்தை இலைப்பொடி இடிக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். காயை அரிந்து சாற்றைப் பிழிந்து வடிகட்டித் தனியே வைத்து, விதைகளைத் துணியில் முடிந்துகொள்க. வெள்ளைச் சதையை மெல்லிய வில்லைகளாக அரிந்து, அமிழுமளவு ஜலத்தில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, அந்த ஜலத்தைக் கொட்டிவிட வேண்டும். கசப்பில் ஒரு பகுதி இதனால் கழியும். பெக்டின் பெரும்பாலும் சதையிலேயே தங்கும். கசப்பு முழுவதும் போகவேண்டுமென்று இரண்டு மூன்று முறை கொதிக்கவைத்துக் கொட்டுகிறவர்கள் பெக்டினையும் சேர்த்தே கொட்டுகிறார்கள். நாரத்தையில் கொஞ்சம் கசப்பு இருந்தால்தான் அது நாரத்தை.

பிறகு ஒன்றரை லிட்டர் நல்ல ஜலமும், பிழிந்த சாற்றில் பாதியும், விதை முடிச்சும் கூட்டி, மிதமான தீயில் முக்கால் மணி நேரம் வேகவைக்க வேண்டும். சதை கண்ணாடிபோல் தெளிந்து, விரலால் நசுக்கினால் மசியும் பதம் வரும். சுத்தமான மல் துணியில் ஊற்றி உயரக் கட்டித் தொங்கவிட்டால் தானாகவே வடியும். அவசரப்பட்டுத் துணியைப் பிழிந்தால் ஜெல்லி கலங்கலாகும். இரவில் கட்டிவிட்டுக் காலையில் காய்ச்சுவது சௌகரியம். கிடைக்கும் வடிநீர் ஏறக்குறைய ஒரு லிட்டர் இருக்கும். மிகுதியாயிருந்தால் அவ்வளவுக்குச் சுண்டவைக்கலாம்.

வடிநீரில் பெக்டின் போதுமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஆறிய வடிநீர் ஒரு கரண்டியில், மருந்துக்கடை ஸ்பிரிட் இரண்டு கரண்டியை ஓரமாய் விட்டு மெதுவாக அசைக்க வேண்டும். ஒரே கட்டியாய்த் திரண்டால் பெக்டின் நிறைய உண்டு. லிட்டருக்கு ஒரு கிலோ சர்க்கரை தாங்கும். இரண்டு மூன்று கட்டிகளாய்த் திரண்டால் முக்கால் கிலோ. நொய் நொய்யாய்ப் பிரிந்தால் அரைக் கிலோவுக்குமேல் இடாமல், வடிநீரை இன்னும் சுண்டவைப்பது நலம். சோதித்ததை உடனே கொட்டிவிட வேண்டும். ஸ்பிரிட் விஷமாகையால் நாவில் வைத்தலும் ஆகாது. அடுப்புக்குச் சமீபத்தில் அதைத் திறக்கவும் கூடாது. நமது நாரத்தைக்குப் பெரும்பாலும் முக்கால் கிலோக் கணக்கே பொருந்தி வருகிறது.

பெரிய குடமிளகாயை விதையும் நரம்பும் நீக்கி இருநூறு கிராம் நிறுத்துக்கொண்டு, ஊர் மிளகாயுடன் கடுகளவு துண்டங்களாக அரிந்து, மீதிப் பாதி நாரத்தைச் சாற்றிலும் இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாற்றிலும் பத்து நிமிஷம் வேகவைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டத்தினுள்ளும் புளிப்பு ஏறுவதற்காகவே இவ்வாறு தனியே வேகவைப்பது. இதையும் வடிநீரையும் வாய் அகன்ற பாத்திரத்தில் சேர்த்துக் கொதி வந்தபின், முக்கால் கிலோ சர்க்கரையைப் போட்டுக் கரையும்வரை துழாவி, தீயைப் பெரிதாக்கி விரைவாய்க் காய்ச்ச வேண்டும். நுரை பொங்கி எழும். ஆகையால் பாத்திரம் பாதிக்குமேல் நிறைந்திருக்கக் கூடாது. மந்தமான தீயில் நெடுநேரம் காய்ச்சினால் பெக்டின் உடைந்து, உறையும் சக்தி போய்விடும். மூன்று லிட்டரை ஒரே தடவையில் காய்ச்சி வேலையை முடிக்க நினைப்பவர்களுக்கு நேரும் கதி இதுதான். இதை எழுதுபவரும் முதல் முறை அவ்வாறே செய்து, பத்து நாள் வரைக்கும் வீட்டாருக்குச் சர்பத்தாகக் கரைத்துக் கொடுத்துத் தீர்த்தார்.

பதம் பார்ப்பதில் நமது பெண்மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதிரசப் பாகு பார்த்துப் பழகிய கை. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் முதலில் துளி துளியாய் விழும். பதம் வந்ததும் இரண்டு துளிகள் ஓரத்தில் ஒன்றுகூடி ஏடாகச் சரிந்து விழும். உஷ்ணமானி இருந்தால் 105 டிகிரி சென்டிகிரேட். நிறுக்க வசதியிருந்தால், பாத்திரத்தின் எடை நீங்க ஏறக்குறைய 1,200 கிராம். அந்நிலையில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு கரைபொருளாயிருக்கும். பதம் பார்க்கும் ஒவ்வொரு முறையும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும்.

இறக்கியதும் நுரையை எடுத்துவிட்டு, ஐந்து நிமிஷம் பொறுத்து ஒருமுறை மெல்லக் கிளறினால் மிளகாய்த் துண்டங்கள் மேலே மிதக்காமல் பரவி நிற்கும். பத்து நிமிஷம் ஜலத்தில் கொதிக்கவைத்து, இன்னும் சூடாயிருக்கும் கண்ணாடிப் புட்டிகளில் விளிம்புக்கு அரை விரற்கடை கீழாக ஊற்றி உடனே மூட வேண்டும். ஆறிய புட்டியில் சூடான ஜெல்லியை விட்டால் புட்டி வெடிக்கும். மேலே மெழுகு உருக்கி ஊற்றும் பழைய வழக்கத்தை இப்போது ஒருவரும் சிபாரிசு செய்வதில்லை. மெழுகு சுருங்கி விளிம்பில் இடம்விட, ஐப்பசி கார்த்திகை அடைமழைக்காலத்தில் அவ்வழியே பூசணம் புகுந்துவிடும். பூசணம் கண்ட ஜெல்லியின் மேற்புறத்தை மட்டும் வழித்தெறிந்துவிட்டுக் கீழ்ப்பகுதியை உண்பது தவறு. முழுவதையும் கொட்டிவிட வேண்டும். திறந்த புட்டியைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

பாத்திரத்தைப் பற்றியும் எச்சரிக்கை அவசியம். கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரங்கள் எவ்வளவு அழகாயிருந்தாலும் ஈயம் பூசாதவற்றில் இதைக் காய்ச்சலாகாது. புளிப்பில் செம்பு கரைந்து களிம்பேறும். இரும்புச் சட்டியில் நிறம் கறுக்கும். எவர்சில்வரே உத்தமம்.

வெல்லத்தில் செய்யலாகாதா என்று பலர் கேட்கிறார்கள். கரும்புப் பால் காய்ச்சும்போது அழுக்கை முறிக்கச் சுண்ணாம்பு இடுவதுண்டு. மிஞ்சிய சுண்ணாம்பு நமது புளிப்பையும் முறிக்கும். நிறமும் கபிலமாகும். சட்னி போன்ற கலவைக்கு வெல்லம் ஏற்றது. ஜெல்லிக்கு வெள்ளைச் சர்க்கரைதான்.

ஜெல்லி உறையாவிட்டால் புதிதாய் எடுத்த வடிநீர் ஒரு கிண்ணம் சேர்த்து மறுபடி காய்ச்சலாம். நீர் கசிந்து நின்றால் புளிப்பு எல்லைமீறியது என்றும், படிகம் படிகமாய்ப் பூத்தால் சர்க்கரை மிகுந்தது அல்லது அதிகமாய்ச் சுண்டியது என்றும் அறிந்துகொள்க.

உபயோகத்தில் இது ஒரு வழிக்கு நிற்பதன்று. அடைக்கு வெல்லம் தொட்டுக்கொள்வார் இதைத் தொட்டுக்கொள்ளலாம். சேனைக்கிழங்கை வறுத்து இறக்கும் தறுவாயில் இரண்டு கரண்டி ஜெல்லியை இரண்டு கரண்டி ஜலத்தில் இளக்கி ஊற்றிப் பிரட்டினால், ஒவ்வொரு துண்டமும் மினுமினுவென்று மேற்பூச்சு ஏறி உறைப்பும் இனிப்புமாய் இருக்கும். பச்சடிக்கு வெல்லமும் புளியும் கரைக்க நேரமில்லாத நாளில், வதக்கிய வெள்ளரியிலோ அன்னாசியிலோ இதில் ஒரு கரண்டி போட்டுக் கடுகு தாளித்தால் போதும். வாழைப்பூ வடைக்கு இதைவிடப் பொருத்தமான துணை வேறில்லை என்பது எமது அபிப்பிராயம். தயிர்ச் சோற்றுக்கு மட்டும் உப்பு நாரத்தங்காயின் ஸ்தானத்தை இது பிடிக்காது, பிடிக்கவும் வேண்டாம்.

ஹங்கேரி தேசத்து ஸெகெட் நகரில் ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி என்னும் விஞ்ஞானி, 1930-களின் தொடக்கத்தில் அவ்வூர்க் குடமிளகாயிலிருந்துதான் வைட்டமின் சி-யை ஏராளமாய்ப் பிரித்தெடுத்தார். 1937-ல் நோபல் பரிசும் பெற்றார். அதைக் கேட்டு இந்த ஜெல்லியை மருந்தென்று எண்ணிவிடக் கூடாது. நெடுநேரக் கொதியில் அந்தச் சத்தில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையாகையால் நீரிழிவுக்காரர் விலகியிருப்பதே நலம்.

விற்பனைக்குச் செய்ய விரும்பும் மகளிர் குழுவினர் 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டத்தின்படி முன்னதாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நெல் பதன ஆராய்ச்சிக்கென்று தோன்றிப் பின் விரிவடைந்து, 2021 முதல் தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனம் என்று வழங்கும் நிலையம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. முதன்முறை காய்ச்சியதில் ஒரு புட்டியைப் பி.எச். சோதனைக்கு உட்படுத்தி, எண் 3.5-க்குக் கீழே நிற்கிறதென்று உறுதி செய்துகொண்ட பின்னரே மற்றப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்ட வேண்டும். சீட்டில் காய்ச்சிய தேதியும் அடங்கிய பொருள்களும் தமிழில் தெளிவாய் இருக்கட்டும். அடுத்த மரத்துக் காயில் காய்ச்சும்போது புதிதாய்ச் சோதிப்பது அவசியம், ஏனெனில் ஒரு மரத்துக் காயின் புளிப்பு மற்றொரு மரத்துக்கு இராது.