ஜெயங்கொண்டம் மண்ணுக்குச் சின்ன டிராக்டர்: டயரும் சக்கரமும் மாற்றும்போது

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காடுகளில் 15 முதல் 30 குதிரைத்திறன் வரையுள்ள சின்ன டிராக்டர்கள் ஓடுவதற்குக் காரணம் விலை மட்டுமல்ல. ஏழு மீட்டர் இடைவெளி விட்டு நட்ட முந்திரிகூட வளர்ந்தபின் கிளைகளைத் தரைவரை இறக்கிவிடும். 45 குதிரைத்திறன் வண்டி உள்ளே நுழைந்தால் கிளை ஒடியும், பூங்கொத்து உதிரும். சின்ன வண்டி மரத்தடிவரை போய் உழுதுவிட்டு வரும். பருத்தி, மக்காச்சோளக் கொல்லைகளில் வரிசைக்கு நடுவே களையெடுக்கவும் அதுவே தோது. இந்த வசதிகளெல்லாம் வண்டியின் உயரத்தையும் அகலத்தையும் நம்பியவை. அந்த இரண்டையும் பெருமளவு தீர்மானிப்பவை டயரும் சக்கரமும்தான். ஆகவே தேய்ந்த டயரைக் கழற்றிவிட்டுக் கடையில் இருப்பதை மாட்டுவது, வண்டியை வாங்கிய நோக்கத்தையே கெடுத்துவிடலாம்.

முதலில் டயரின் பக்கச்சுவரில் உள்ள எண்களைப் படிக்க வேண்டும். 8.3-24 என்றிருந்தால் டயரின் அகலம் 8.3 அங்குலம், அது உட்காரும் ரிம்மின் விட்டம் 24 அங்குலம். நடுவில் உள்ள கோடு, உள்ளே நைலான் இழைகள் குறுக்கு நெடுக்காகப் போடப்பட்ட சாதாரண டயர் என்பதைக் காட்டுகிறது. கோட்டுக்குப் பதிலாக ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது ரேடியல். மஹிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 போன்ற 15 குதிரைத்திறன் வண்டிகளுக்கு முன்னால் 5.20-14, பின்னால் 8.00-18 வருகிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் மஹிந்திரா ஜீவோ 245 வண்டிக்கு முன்னால் 6.00-14, பின்னால் 8.3-24. குபோட்டா நியோஸ்டார் வண்டிகள் சிலவற்றின் பின் டயர் 8.3-20. பெரிய டிராக்டர்களில் பரவலான 13.6-28 டயரைப் போல இந்த அளவுகள் எல்லாக் கடையிலும் எப்போதும் கையிருப்பில் இருக்கும் என்று எண்ண முடியாது. பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்திலேயே எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை இருந்தும் இதுதான் நிலை. கிடைக்காத அளவுக்குப் பதிலாக ‘பக்கத்து அளவு’ போட்டுக்கொள்ளச் சொல்லும் யோசனை இங்கேதான் தலைகாட்டுகிறது.

அகலத்துக்கு அடுத்துப் பிளை எண். 6 பிளை, 8 பிளை என்பது உள்ளே அத்தனை அடுக்கு இருப்பதாகச் சொல்வதல்ல. பருத்தி நூலில் டயர் செய்த காலத்து அடுக்குக் கணக்கு, இன்று தாங்கும் வலுவைக் குறிக்கும் அளவாக நிலைத்துவிட்டது. பிளை கூடினால் அதிகக் காற்றும் அதிகப் பாரமும் தாங்கும், பக்கச்சுவரும் விறைப்பாக இருக்கும். முந்திரிக்காட்டில் வெட்டிய கிளைகளின் கட்டைகளும், தரிசு ஓரங்களில் சீமைக் கருவேல முள்ளும் இருப்பதால் இங்கே ஒரு படி கூடுதல் பிளை வீண் செலவல்ல. ஆனால் எந்தப் பிளையும் கருவேல முள்ளை முழுதாகத் தடுக்காது. தரமான புது டியூபும், அதற்குள் ஊற்றும் பஞ்சர் திரவமும் கூடவே தேவைப்படும். பழைய டியூபைப் புது டயருக்குள் போடுவது வீண் சிக்கனம். விரிந்துபோன டியூப் உள்ளே மடிந்து, மடிந்த இடத்திலேயே கிழியும்.

டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் மேடுகளின், அதாவது பட்டன்களின், அமைப்பைத் தேர்ந்தெடுக்க மண்ணைப் பார்க்க வேண்டும். இந்த வட்டாரத்தில் சில கிலோமீட்டருக்குள்ளேயே மண் மாறிவிடுகிறது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பகுதி சரளை கலந்த செம்மண். அரியலூரைச் சுற்றிலும் பெரம்பலூர்ப் பக்கமும் கரிசல். தெற்கே தா.பழூர், திருமானூர் என்று கொள்ளிடக் கரைக்குப் போனால் வண்டல், நெல் வயல். உழவு டயர்கள் உலகெங்கும் ஆர்-1, ஆர்-2, ஆர்-3, ஆர்-4 என்று வகைப்படுத்தப்படுகின்றன. ஆர்-1 சாதாரண உழவு டயர். சாய்ந்த பட்டன்களுக்கு நடுவே நல்ல இடைவெளி இருக்கும். ஆர்-2 சேற்றுக்கும் கரும்புக்குமானது. அதன் பட்டன்கள் மிக உயரமானவை. ஆர்-3 புல்தரைக்கு, ஆர்-4 கட்டுமான வேலைக்கு. கடைசி இரண்டும் இங்குள்ள விவசாயிக்குத் தேவைப்படாதவை.

ஆர்-2 ‘நல்ல பிடிப்பு’ என்று சொல்லி விற்கப்படுவதுண்டு. சேற்றில் அது உண்மை. சரளைச் செம்மண்ணிலும் தார் ரோட்டிலும் அந்த உயரமான பட்டன்கள் வளைந்து நெளிந்து வேகமாகத் தேயும், வண்டியும் அதிரும். ஆண்டில் பெரும்பகுதி முந்திரிக்காட்டிலும் மானாவாரிக் கொல்லையிலும் ஓடும் வண்டிக்கு ஆர்-1 போதும், அதுவே நல்லது. கரிசலில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈரக் கரிசல் பட்டன்களுக்கு நடுவே அப்பிக்கொண்டால் டயர் வெறும் உருளையாகிவிடும். எனவே பட்டன்கள் நெருங்காமல், ஓரத்தை நோக்கி வாய் விரிந்து, மண் தானாக உதிரும்படி இருக்கும் வடிவத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். பட்டன் எண்ணிக்கை அதிகமிருந்தால் பிடிப்பும் அதிகம் என்ற நம்பிக்கை கரிசலில் எடுபடாது.

முன் சக்கரம் இழுக்காத வண்டியில் முன் டயரின் வேலை திருப்புவது மட்டுமே. அதற்கு நீளவாக்கில் மூன்று வரிமேடு ஓடும் டயர்தான் ஏற்றது. நடு வரிமேடு மண்ணில் பதிந்து, வண்டி பக்கவாட்டில் வழுக்காமல் பிடிக்கும்.

சேற்றுழவு தனிக் கதை. நெல் வயலில் இறங்கும் வண்டிகளுக்கு இரும்புக் கேஜ் வீல் மாட்டுகிறார்கள். டிராக்டர்கள் இரும்புச் சக்கரத்தில்தான் பிறந்தன. அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1932-இல் ஃபயர்ஸ்டோன் காற்று டயர்களைப் பூட்டிய பிறகே ரப்பர் பரவலானது. நம் நெல் வயலில் மட்டும் இரும்பு இன்றும் விடைபெறவில்லை. சின்ன வண்டிக்கு, டயரைக் கழற்றாமல் பக்கத்தில் பூட்டும் அரைக் கேஜ் பொருத்தமானது. பெரிய வண்டியின் கேஜை வெட்டிச் சுருக்கி மாட்டினால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாரம் அச்சின் பேரிங்கை அழுத்திக் கெடுக்கும். கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஓட்டக் கூடாது. அது சாலையைக் கொத்திவிடும் என்பதால் அபராதம் உண்டு.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது முன் பின் டயர்களின் பொருத்தம். இந்த வண்டிகளில் முன் அச்சும் பின் அச்சும் கியர்களால் பிணைக்கப்பட்டவை. முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட நூற்றுக்கு 1 முதல் 5 பங்குவரை கூடுதலாக ஓடும்படி தயாரிப்பாளர் கியரை அமைத்திருப்பார். அந்தக் கணக்கு வண்டியோடு வந்த டயர் அளவுகளுக்கு மட்டுமே சரிப்படும். 8.3-24 டயரின் மொத்த விட்டம் சுமார் 995 மில்லிமீட்டர், 9.5-24 டயரின் விட்டம் சுமார் 1050. வித்தியாசம் ஐந்தரை சதவீதம். பின்னால் மட்டும் 9.5 போட்டால், முந்திப் போக வேண்டிய முன் சக்கரம் பிந்திப்போய் இழுபடும். உழவில் உதவ வேண்டியது பிரேக் போல நிற்கும். முன் டயர் சீக்கிரம் தேயும், முன் அச்சின் கியர்கள் ஓயாமல் நெருக்கப்படும். அந்தக் கியரைப் பழுதுபார்க்கும் செலவு டயர் விலையைத் தாண்டிவிடும்.

அளவு மாறாமலே இந்தச் சிக்கல் வருவதும் உண்டு. முன் டயரின் பட்டன் ஒன்றரை சென்டிமீட்டர் தேய்ந்தால் அதன் சுற்றளவு 9 சென்டிமீட்டருக்கு மேல் குறைகிறது. 6.00-14 டயரின் சுற்றளவே ஏறக்குறைய இரண்டு மீட்டர்தான். மொட்டையான முன் டயர்களோடு பின்னால் புது ஜோடி போட்டால், பெரிய அளவு போட்டதற்குச் சமம். பணம் இடித்தாலும் நான்கையும் சேர்த்து மாற்றுவது, அல்லது அது முடியும்வரை முன் இழுவையை நிறுத்தி வைத்து ஓட்டுவது, இரண்டில் ஒன்றுதான் வழி. சரிபார்க்க டேப் போதும்: இறுகிய தரையில் முன் இழுவையைத் துண்டித்து, டயரில் சுண்ணாம்புக் குறி இட்டு, ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி போகும் தூரத்தை முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியே அளக்க வேண்டும். புது டயருக்கும் அப்படியே அளந்து, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுகளோடு ஒப்பிடலாம். உழும்போது மண் நெகிழ்ந்து சிறு வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்ளும். தார் ரோடு தாங்காது. அதனால் எந்த டயர் இருந்தாலும் ரோட்டில் முன் இழுவையைப் போடக் கூடாது.

ரிம் மாற்றும்போது விட்டம் மட்டும் பொருந்தினால் போதாது. 8.3 டயருக்கு ஏழங்குல ரிம், 9.5 டயருக்கு எட்டங்குல ரிம் என்பது வழக்கம். குறுகிய ரிம்மில் அகலமான டயர் போட்டால் அது நடுவில் உருண்டு திரண்டு, நடுப்பகுதி மட்டும் தேயும். போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம், நடு ஓட்டையின் அளவு மூன்றும் அச்சோடு பொருந்த வேண்டும். ஓட்டையை ராவிப் பெரிதாக்கி மாட்டிய ரிம் ஆபத்தானது. பழைய ரிம் வாங்கினால் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, டயர் விளிம்பு உட்காரும் இடம் துருவேறி உதிர்கிறதா என்று துடைத்துப் பார்க்க வேண்டும். வயல் சேறும் உரமும் அந்த இடத்தைத்தான் முதலில் அரிக்கும்.

ரிம்முக்கும் நடுத் தட்டுக்கும் உள்ள குழிவு சக்கரங்களின் இடை அகலத்தைத் தீர்மானிக்கிறது. பல வண்டிகளில் தட்டைத் திருப்பிப் பூட்டி இந்த அகலத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். மக்காச்சோளத்தை 60 சென்டிமீட்டர் வரிசையில் விதைப்பவர், சக்கரம் இரண்டும் வரிசைகளின் நடுவில் விழும்படி அந்த அகலத்தை வைத்துக்கொள்ள வேண்டும். புது ரிம்மின் குழிவு வேறாக இருந்தால் களையெடுப்பில் பயிர்தான் மிதிபடும். அகலத்தைக் கூட்டினால் சரிவில் வண்டி நிலையாக நிற்கும், முந்திரிக் கிளைகளுக்கு இடையில் நுழைவது கடினமாகும்.

புது டயரும் வழுக்கினால் குறை டயரில் இருப்பதில்லை, எடையில் இருக்கலாம். பின் டயரில் சுண்ணாம்புக் குறி இட்டு, கலப்பையைத் தூக்கிக்கொண்டு பத்துச் சுற்றில் வண்டி போகும் தூரத்தையும், கலப்பையை இறக்கி உழும்போது பத்துச் சுற்றில் போகும் தூரத்தையும் அளக்கலாம். குறைவு 10 முதல் 15 சதவீதம் என்றால் சரி. அதற்கு மேல் போனால் இரும்பு எடை கட்டலாம், அல்லது டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பலாம். குளிர்நாடுகளில் உறையாதிருக்க உப்பு கலக்கிறார்கள். இங்கே வெறும் தண்ணீர் போதும். 8.3-24 டயர் ஒன்று சுமார் 60 லிட்டர் பிடிக்கும். காற்று கையேட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். உழவில் இறுக ஏற்றிய காற்று, பட்டன்கள் மண்ணில் பரவிப் பதிவதைத் தடுக்கும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1425 என்றால் 2025-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். வெயிலில் அடுக்கி வைத்துப் பல வருடமான டயரில் மயிரிழை வெடிப்பு தெரியும்; விலை குறைவென்று அதை எடுக்கக் கூடாது. டிராக்டர் டயர், டியூபுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதால், ரசீது கேட்டு வாங்குவதில் லாபமே. உத்தரவாதத்துக்கும் ரசீதுதான் ஆதாரம். ரீட்ரேட் டயர் வாங்குவதானால் உள்பக்கத்தைக் கையால் தடவி, இழை பிரிந்த இடமோ ஒட்டுப் போட்ட வெட்டோ இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஒரே அச்சின் இரண்டு டயரும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். மாட்டும்போது பக்கச்சுவரின் அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும் திசையில் இருக்க வேண்டும். பட்டன்கள் கூடும் நடுமுனைதான் முதலில் தரையைத் தொடும். திருப்பி மாட்டினால் பிடிப்புக் குறைந்து, மண் உதிராமல் அப்பும். டயர் விளிம்பு ரிம்மில் உட்காரவில்லை என்று காற்றை ஏற்றிக்கொண்டே போவது உயிருக்கு ஆபத்து. 35 பி.எஸ்.ஐ. தாண்டியும் உட்காராவிட்டால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். புது ரிம் மாட்டிய வண்டி சில மணி நேரம் உழுததும் போல்ட்கள் கொஞ்சம் தளரும். அன்று மாலையே ஒருமுறையும், மறுநாள் வேலை முடிந்ததும் ஒருமுறையும் அவற்றை முறுக்கிவிட வேண்டும்.