விசில் ஊதுபவரும் நம் பிள்ளைகளும்



ஞாயிற்றுக்கிழமை மாலையில் தோட்டத்துத் திடலில் பிள்ளைகள் காற்பந்து ஆடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் பையன் பந்தோடு கோலை நெருங்குகிறான். உடனே விசில் சத்தம் கேட்கிறது. ‘ஆஃப்சைட்’ என்று நடுவர் கையைத் தூக்குகிறார். அவ்வளவுதான்! திடலின் நாலா பக்கமும் ஏச்சுக் கிளம்புகிறது. அந்தக் கூட்டத்தில் எல்லாரையும்விட உரக்கக் கத்துகிறவர் யார்? பல வேளைகளில் அவர் பிள்ளைகளின் பயிற்றுநராகவே இருக்கிறார்.

நானும் ஒரு காலத்தில் அப்படிக் கத்தியவன்தான். பள்ளிக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்துத் தோட்டத்து இளைஞர் ஒருவர் காசு வாங்காமல் எங்கள் ஆட்டத்துக்கு நடுவராக வந்தார். கடைசி நேரத்தில் எங்களுக்கு எதிராக ஒரு பெனால்டி கொடுத்தார். ஒரு கோலில் தோற்றோம். நான் திடலுக்குள் போய், பிள்ளைகள் முன்னிலையில் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

அடுத்த வாரம் பயிற்சியின்போது, கோல் காக்கும் ஐந்தாம் ஆண்டுப் பையன் கைக்கு வந்த பந்தைக் கோட்டை விட்டான். “ஏன்டா குனியவில்லை?” என்று கேட்டேன். “நடுவர் சரியில்லை, சார்” என்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு விசில் என் வாயில்தான் இருந்தது. ‘தவறு நம்முடையதல்ல, வேறு யாருடையதோ’ என்ற பாடத்தை அவனுக்குக் கற்றுக் கொடுத்தவன் நானே. அந்த இளைஞரும் அதற்குப் பிறகு எங்கள் திடலுக்கு வரவில்லை. நடுவர் கிடைக்காமல் இரண்டு ஆட்டங்கள் நின்றுபோயின. நட்டப்பட்டவர்கள் பிள்ளைகள்தான்.

நேயர்களே, நடுவரின் வேலை எவ்வளவு கடினமானது என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். ஆஃப்சைட் விதியையே எடுத்துக்கொள்வோம். எதிரணியின் பாதித் திடலில் நிற்கும் ஓர் ஆட்டக்காரன், பந்தைவிடவும், எதிரணியின் கடைசிக்கு முந்திய ஆளைவிடவும் கோல் கோட்டுக்கு அருகில் இருக்கிறானா என்று பார்க்க வேண்டும். அதுவும் அவனுடைய தோழன் பந்தை உதைக்கும் அந்தக் கணத்தில் பார்க்க வேண்டும். உதைக்கும் கால் ஓரிடத்தில், ஓடும் ஆள் வேறோர் இடத்தில். இரண்டையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். பெரிய போட்டிகளில் கோட்டோரம் துணை நடுவர்கள் ஓடுகிறார்கள். 2018-ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியிலிருந்து வீடியோ பார்த்துச் சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படியும் சர்ச்சை தீரவில்லை. நம் திடலிலோ ஒரே மனிதர், இரண்டே கண்கள். ஓரத்தில் சாய்கோணத்தில் நிற்கும் நாம், அவரைவிடச் சரியாகப் பார்த்ததாக எப்படிச் சொல்ல முடியும்?

1966-ஆம் ஆண்டு லண்டனில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதிய உலகக் கிண்ணக் கால் இறுதி ஆட்டத்தில், அர்ஜென்டினாக் குழுத் தலைவர் ராட்டினை ஜெர்மன் நடுவர் வெளியேறச் சொன்னார். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியவில்லை. ராட்டின் வெளியேற மறுத்ததால் ஆட்டம் சில நிமிடங்கள் நின்றுபோனது. நடுவர்களுக்குப் பொறுப்பாயிருந்த கென் ஆஸ்டன் என்பவர் இதை யோசித்தபடியே காரோட்டிச் சென்றபோது, சாலைச் சமிக்ஞை விளக்கைக் கண்டார். அதிலிருந்து பிறந்தவைதாம் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும். 1970-ஆம் ஆண்டு மெக்சிக்கோ உலகக் கிண்ணப் போட்டியில் அவை முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தன. 2019-ஆம் ஆண்டு முதல், வரம்பு மீறும் பயிற்றுநருக்கும் அந்த அட்டைகளைக் காட்ட விதி இடம் கொடுக்கிறது.

நடுவர் என்றால் யாரோ வேற்று ஆள் என்று எண்ண வேண்டாம். 1974-ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், போலந்துக்கும் ஹைத்திக்கும் நடந்த ஆட்டத்தில் விசில் ஊதியவர் சிங்கப்பூரைச் சேர்ந்த கோவிந்தசாமி சுப்பையா. நாளைக்கு நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் அந்த இடத்தில் நிற்கலாம். அவனை ஊரார் ஏசினால் நம் மனம் பொறுக்குமா?

இந்த விசயத்தில் ரக்பி ஆட்டத்தைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ளலாம். நம் நாட்டில் கோல கங்சார் மலாய்க் கல்லூரி இந்த ஆட்டத்துக்குப் பேர் போனது. ஒரு குழுவில் 15 பேர். மோதலும் முட்டலும் நிறைந்த முரட்டு ஆட்டம். ஆனால் நடுவரிடம் போய் விளக்கம் கேட்கிறவர் குழுத் தலைவர் ஒருவரே. நடுவரை ‘சார்’ என்று அழைப்பது அங்கே பழக்கம். தண்டனை உதை கொடுத்த பின் வாதாடினால், நடுவர் அந்த உதையைப் பத்து மீட்டர் முன்னே தள்ளி வைப்பார். வாய் நீளமானால் தன் குழுவுக்கே நட்டம் என்பதை ரக்பிப் பயிற்றுநர் சிறு வயதிலேயே பிள்ளைகளுக்குப் பழக்குகிறார். காற்பந்திலும் 2024-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில், நடுவரிடம் விளக்கம் கேட்கக் குழுத் தலைவர் மட்டுமே போக வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது.

“அப்படியானால், அநியாயம் நடந்தாலும் வாய் மூடிக் கிடக்கச் சொல்கிறீரா, வாத்தியாரே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பால் நிறுப்பதிலும் குலை கணக்கிலும் ஏமாற்றத்தைக் கண்டவர்கள் நம் பெரியவர்கள். அவர்கள் தராசை உதைக்கவில்லை, ஒன்றுகூடிப் பேசினார்கள். 1954-ஆம் ஆண்டு தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. குறையை எழுதி, பேராளர் மூலம் பேசும் வழி பிறந்தது. ஆட்டத்திலும் அதே வழிதான். தொடர்ந்து தவறு நடந்தால், ஆட்டம் முடிந்த பின் ஏற்பாட்டுக் குழுவிடம் எழுத்தில் கொடுக்கலாம். தவறான தீர்ப்பு வேறு, வஞ்சகம் வேறு. முதலாவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதை முறையோடு எதிர்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைப் பிள்ளைகள் திடலிலேயே கற்றுக்கொள்ளட்டும்.

இப்போது எங்கள் குழுவில் மூன்று பழக்கங்கள் உண்டு. ஆட்டம் தொடங்குமுன் பிள்ளைகள் நடுவரிடம் போய் வணக்கம் சொல்லிக் கைகுலுக்குகிறார்கள். ஆட்டம் முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பயிற்சி நாள்களில் பிள்ளைகளே முறை வைத்து விசில் ஊதுகிறார்கள். இந்த மூன்றாவதுதான் மிகப் பெரிய ஆசான். பத்து நிமிடம் விசிலோடு ஓடிய பையன் மறுபடி நடுவரை ஏசுவதில்லை.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம், “நடுவர் ஏமாற்றிவிட்டாரா?” என்று கேட்காதீர்கள். “இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாய்?” என்று கேளுங்கள். பந்தாட்டம் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். தன் தவறைத் தானே ஒப்புக்கொள்ளும் பழக்கம், அவன் வேலைக்குப் போகும் இடத்திலும், குடும்பம் நடத்தும் வீட்டிலும் அவனோடு வரும்.