புற்றுநோய் மருந்துப் பங்கு: சோதனை முடிவை எப்படிப் படிப்பது?

ஐம்பத்தைந்து வயதானதும் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது. தோட்டத்தில் பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும், பிறகு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தும் சேர்ந்த பணம் அது. ஜித்ராவில் வீட்டுக்கடன் கட்டி முடித்த ஒருவர் அதை எங்கே போடலாம் என்று யோசிக்கும்போது, நிலம், நகை, யூனிட் டிரஸ்ட் என்ற பழைய பட்டியலோடு வெளிநாட்டு மருந்து நிறுவனப் பங்கும் இப்போது வந்து நிற்கிறது. கைப்பேசியிலேயே அமெரிக்கப் பங்கு வாங்கும் வசதி மலேசியாவில் உண்டு. புலனக் குழுவில் செய்தி வருகிறது: “புற்றுநோய்க்குப் புது மருந்து. சோதனை முடிவு வரப்போகிறது. இப்போது வாங்கினால் பத்து மடங்கு.”

இப்படிப்பட்ட செய்திகள் எல்லாமே மோசடி என்று தள்ளிவிட முடியாது. நிறுவனம் உண்மையாக இருக்கலாம், மருந்தும் சோதனையும் உண்மையாக இருக்கலாம். அப்படியிருந்தும் போட்ட பணம் கரைந்து போவது உண்டு. அது எப்படி என்பதற்கு மலேசியா, இந்தியா, இலங்கை நோயாளிகளும் கலந்துகொண்ட ஒரு சோதனையின் கதை இருக்கிறது. அந்தச் சோதனை எந்த நோய்க்கு நடந்தது என்பதுதான் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய். அதிலும் முக்கியமாக வாய்ப்புற்று.

தோட்டப்புறத்தில் வாய்ப்புற்று தெரியாத நோயல்ல. மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் வாய்ப்புற்று மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம், குறிப்பாக இந்தியப் பெண்களிடம், அதிகமாகக் காணப்படுகிறது. வெற்றிலை பாக்கு போடும் பழக்கமே இதற்குப் பெருங்காரணம். புகையிலை சேர்க்காவிட்டால் ஆபத்தில்லை என்று பாட்டிமார் சொல்வதுண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும், தனிப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது.

ஜாகாவும் விசிலும்

இந்நோய்க்கு வழக்கமான சிகிச்சை அறுவை, கதிர்வீச்சு, தேவைப்பட்டால் கீமோ மருந்து. நோய் எதிர்ப்புச் சிகிச்சை என்பது வேறு வழி. புற்றைத் தாக்கும் வேலையை உடம்பின் காவல்படையிடமே விட்டுவிடுவது. யோசனை பழையது. 1891-லேயே நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி நோயாளிகளின் உடம்பில் கிருமியைச் செலுத்தி, காவல்படையைக் கிளப்பிவிட்டுப் புற்றைக் கரைக்கப் பார்த்தார். சிலருக்குக் கரைந்தது, பலருக்குக் கரையவில்லை. ஏன் என்று விளங்க நூறாண்டு ஆயிற்று.

தோட்ட வாசலில் நிற்கும் ஜாகாவை நினைத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் உள்ள ‘டி’ அணுக்கள் அந்த ஜாகாவைப் போல. அந்நியன் வந்தால் பிடிக்கும். ஆனால் கண்டவரை எல்லாம் அடித்துவிடக் கூடாது என்பதற்காக அவற்றுக்கு ஒரு பிரேக் வைக்கப்பட்டிருக்கிறது. சில புற்றணுக்கள் அந்தப் பிரேக்கை அமுக்கத் தெரிந்தவை. ஜாகா பார்த்துக்கொண்டே நிற்பார், திருடன் உள்ளே போய்விடுவான். பிரேக்கை அமுக்கவிடாமல் தடுத்தால் என்ன என்று கேட்டு வழி கண்டவர்கள் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன், ஜப்பானின் தசுக்கு ஹொஞ்சோ. 2018-இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு வழி விசில் ஊதி ஆள் சேர்ப்பது. அணுக்கள் தமக்குள் சேதி சொல்லிக்கொள்ளும் புரதங்களைக் கட்டிக்கு அருகிலேயே ஊசியால் செலுத்தினால் ஜாகாக்கள் கூட்டமாக ஓடி வருவார்கள் என்பது கணக்கு. அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த ‘செல்-சை’ என்ற சிறிய நிறுவனத்தின் ‘மல்டிகைன்’ மருந்து இந்த வகை. கொடையாளர்களின் இரத்த வெள்ளையணுக்களிலிருந்து தயாரிக்கப்படும் புரதக் கலவை அது. அறுவைக்கு முன்பாக மூன்று வாரம் கொடுக்க வேண்டும். அறுவையும் கதிர்வீச்சும் காவல்படையைப் பலவீனப்படுத்துவதற்கு முன்பே அதை எழுப்பிவிட வேண்டும் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான்.

பத்தாண்டுக் காத்திருப்பு

மூன்றாம் கட்டச் சோதனை 2010-ஆம் ஆண்டு கடைசியில் தொடங்கியது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் 928 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். சோதனையின் முதன்மைக் கேள்வி முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டது: வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, மல்டிகைனும் சேர்த்துப் பெற்றவர்களில் உயிரோடு இருப்பவர்களின் அளவு 10 விழுக்காடு கூடுமா? இரு பக்கமும் சேர்த்து 298 மரணங்கள் நேரும்வரை காத்திருந்து, அதன் பிறகே கணக்குப் பார்க்க வேண்டும் என்பதும் திட்டத்திலேயே இருந்தது.

சிறு முதலீட்டாளர்கள் தடுக்கி விழுந்த இடம் இதுதான். 2016-இல் நோயாளிகளைச் சேர்ப்பது முடிந்தது. அந்த ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சோதனையை நிறுத்தி வைத்து, 2017-இல் தடையை நீக்கியது. அதன் பிறகும் 298 என்ற எண்ணிக்கை எட்டவில்லை. மாதங்கள் ஓடின. பங்கு வைத்திருந்தவர்கள் மத்தியில் ஒரு பேச்சு பலமாகப் பரவியது. ஜித்ராவில் ஒரு மருமகன் தன் மாமாவிடம் சொல்வதாக வைத்துக்கொண்டால் அது இப்படி இருக்கும்: “மாமா, எதிர்பார்த்த அளவு சாவு விழலயாம். அப்படின்னா மருந்து வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்? இருக்கிற காசைப் போடுங்க.”

கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஓட்டை எங்கே என்று சின்ன எண்களில் பார்க்கலாம். இந்தப் பக்கம் நூறு பேர், அந்தப் பக்கம் நூறு பேர். மொத்தம் 60 மரணம் வரை காத்திருக்கிறார்கள். அந்த 60 என்பது 20-ம் 40-மாகவும் இருக்கலாம், 30-ம் 30-மாகவும் இருக்கலாம். வெளியே இருப்பவருக்குத் தெரிவது கூட்டுத்தொகை மட்டுமே. எந்தப் பக்கம் எத்தனை என்பது மூடிய உறைக்குள் இருக்கிறது. நிறுவனத்துக்கும் தெரியக் கூடாது என்பது விதி. வழக்கமான சிகிச்சையே முன்பைவிட நன்றாக நடந்திருந்தாலும் மரணங்கள் மெதுவாகத்தான் வரும். தாமதம் எதையோ சொல்கிறது, ஆனால் மருந்தைப் பற்றித்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ள ஆதாரம் இல்லை. மாமா இந்த ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டிருந்தால் மருமகனிடம் பதில் இருந்திருக்காது.

2020-இல் எண்ணிக்கை 298-ஐ எட்டியது. முடிவு வெளியானது 2021 ஜூன் 28-ஆம் தேதி. நோயாளிகள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது, எதிர்பார்த்த 10 விழுக்காட்டுப் பலன் கிடைக்கவில்லை. பங்கு விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது.

ஆனால் அன்றைய அறிவிப்பில் இன்னொரு எண்ணும் இருந்தது. அறுவைக்குப் பின் கீமோ இல்லாமல் கதிர்வீச்சு மட்டும் பெற்ற பிரிவினரில், மல்டிகைன் பெற்றவர்களில் 62.7 விழுக்காட்டினர் ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தார்கள். பெறாதவர்களில் அது 48.6 விழுக்காடு. பதினான்கு விழுக்காடு வித்தியாசம் என்பது இந்த நோயில் சின்ன விஷயமில்லை. அதனால் “மருந்து வென்றுவிட்டது, சந்தைக்குத்தான் புரியவில்லை” என்று விடாமல் வாங்கியவர்களும் இருந்தார்கள்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? நாலு நம்பர் குலுக்கல் முடிந்த பிறகு, “என் வண்டி எண்ணின் கடைசி இரண்டும் வந்துவிட்டதே” என்று சந்தோஷப்படுகிறவரை ஊரில் பார்த்திருப்போம். ஒரு பெரிய கூட்டத்தைப் பல துண்டுகளாக வெட்டிப் பார்த்தால், ஏதாவது ஒரு துண்டில் நல்ல எண் வந்தே தீரும். இந்தப் பிரிவைப் பார்ப்பதும் தொடக்கத் திட்டத்தில் இருந்ததுதான் என்று நிறுவனம் சொன்னது. ஆகவே குலுக்கல் உதாரணம் முழுதாகப் பொருந்தாது. ஆனாலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. யாருக்குக் கீமோ தேவை என்பது அறுவைக்குப் பிறகு தீர்மானிக்கப்படுவது. மல்டிகைனோ அறுவைக்கு முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது. யார் எந்தப் பிரிவில் போய் விழுகிறார் என்பதையே மருந்து மாற்றியிருக்கலாம். அப்படியானால் இரு பக்கமும் ஒப்பிடக்கூடிய ஆட்கள்தானா என்ற சந்தேகம் வருகிறது. நல்ல அறிகுறிதான், ஆனால் இன்னொரு சோதனையில் நிரூபிக்க வேண்டிய அறிகுறி. 2024-இல் அமெரிக்க அமைப்போடு பேசி முடிவான புதிய சோதனைத் திட்டம் 212 நோயாளிகளைக் கொண்டது. சிகிச்சை தொடங்கும் முன்பே அடையாளம் காணக்கூடியவர்களை, அதாவது நிணநீர்க் கணுக்களுக்குப் புற்று பரவாதவர்களை, அது தேர்ந்தெடுக்கிறது. விஞ்ஞானம் பொறுமையாக நடக்கிறது.

பங்கு வைத்திருப்பவரின் காலம் அப்படி நடப்பதில்லை. விற்பனைக்கு மருந்து இல்லாத நிறுவனம் சம்பளத்தையும் சோதனைச் செலவையும் எப்படிச் சமாளிக்கும்? புதிய பங்குகளை வெளியிட்டு விற்கும். கேக் அதே அளவு, துண்டுகள் கூடிக்கொண்டே போகும். விலை மிகவும் இறங்கும்போது பல பங்குகளைச் சேர்த்து ஒன்றாக்குவார்கள். செல்-சை 2013-இல் பத்துப் பங்குகளை ஒன்றாக்கியது. 2017-இல் இருபத்தைந்தை ஒன்றாக்கியது. 2025-இல் முப்பதை ஒன்றாக்கியது. பெருக்கிப் பார்த்தால், 2013-க்கு முன் 7,500 பங்கு வைத்திருந்து விற்காமலே இருந்தவர் கையில் இன்று ஒரே ஒரு பங்கு. பங்குகளை ஒன்றாக்குவதால் மட்டும் மதிப்பு குறைவதில்லை என்பது உண்மை. ஆனால் அத்தனை முறை ஒன்றாக்க வேண்டி வந்ததே, அது எதைக் காட்டுகிறது என்று வாங்கும் முன் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

மருந்து வென்றாலும்

சோதனை வென்றால் பங்கும் வெல்லும் என்றாவது சொல்லலாமா? அதற்கும் உத்தரவாதமில்லை. ‘டெண்ட்ரியான்’ என்ற அமெரிக்க நிறுவனம், நோயாளியின் சொந்த இரத்த அணுக்களை எடுத்துப் பயிற்சி கொடுத்துத் திரும்ப ஏற்றும் ‘புரோவெஞ்ச்’ சிகிச்சையை விந்துப்பைச் சுரப்பிப் புற்றுக்காக உருவாக்கியது. 512 பேரிடம் நடந்த சோதனையில் சராசரி நோயாளியின் ஆயுள் சுமார் நான்கு மாதம் கூடியது. 2010 ஏப்ரலில் அனுமதியும் கிடைத்தது. ஒரு நோயாளிக்கு 93,000 அமெரிக்க டாலர் விலை. அணுக்களை எடுப்பது, அனுப்புவது, திரும்ப ஏற்றுவது எல்லாம் பெரும் வேலை, பெரும் செலவு. எதிர்பார்த்த விற்பனை வராது என்று நிறுவனமே ஒப்புக்கொண்ட 2011 ஆகஸ்டில் பங்கு ஒரே நாளில் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பை இழந்தது. 2014 நவம்பரில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. மருந்து பிழைத்துக்கொண்டது, வேறு நிறுவனம் வாங்கிக்கொண்டது. பங்குதாரருக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை.

அறுவைக்கு முன்பே காவல்படையை எழுப்பும் யோசனை தோற்றுவிட்டதா என்றால் அதுவும் இல்லை. பிரேக்கை விடுவிக்கும் வகையைச் சேர்ந்த ‘பெம்ப்ரோலிசுமாப்’ மருந்தை அறுவைக்கு முன்னும் பின்னும் கொடுத்து 714 தலை, கழுத்துப் புற்று நோயாளிகளிடம் சோதித்தார்கள். நோய் திரும்பாமலும் முற்றாமலும் இருந்த காலத்தின் நடுமதிப்பு 30 மாதத்திலிருந்து ஏறத்தாழ 52 மாதமாகக் கூடியது. 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மல்டிகைன் பங்குக்காரர்கள் பதினைந்து ஆண்டு நம்பிய யோசனை பலித்தது, வேறொருவர் மருந்தில். அந்த மருந்தை விற்கும் ‘மெர்க்’ உலகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று. இந்த ஒரு வெற்றியால் அதன் பங்கு பத்து மடங்காகிவிடவில்லை.

பொதுவாக, மனிதரிடம் முதல் கட்டச் சோதனைக்கு வரும் புற்றுநோய் மருந்துகளில் நூற்றுக்கு ஐந்து அளவே கடைசியில் அனுமதி பெறுகின்றன. அந்த ஐந்தில் ஒன்றைப் புலனக் குழு முன்கூட்டியே கண்டுபிடித்துவிடும் என்று நம்ப நிறைய தைரியம் வேண்டும்.

பார்க்க விரும்புகிறவருக்கு வழி இருக்கிறது. அமெரிக்க அரசின் மருத்துவச் சோதனைப் பதிவேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சோதனையின் முதன்மைக் கேள்வி என்ன, எத்தனை பேர், எப்போது முடியும் என்பதெல்லாம் அதில் உண்டு. முடிவு வெளியாகும் நாளில், நிறுவன அறிவிப்பின் தலைப்பை விட்டுவிட்டு அந்தக் கேள்விக்குப் பதில் எங்கே என்று தேடுங்கள். பதில் மூன்றாம் பத்தியில் ஒளிந்திருந்தால் சங்கதி விளங்கிவிடும். ஆங்கிலம் சிரமம் என்றால் படிக்கும் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் எடுத்துச் சொல்வார்கள். உள்ளூரில் யாராவது பணம் திரட்டினால், மலேசிய செக்யூரிட்டீஸ் கமிஷனின் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது தனி வேலை. சோதனையில் சேர்த்துவிடுகிறேன், கட்டணம் கட்டு என்று நோயாளியிடமே கேட்பவர் வந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை; முறையான சோதனைகளில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் பொதுவாகப் பணம் வாங்குவதில்லை.

பங்கே வாங்காத வீடுகளிலும் வாய் உண்டு, வெற்றிலைத் தட்டும் உண்டு. இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, வாயை முன்போல் அகலமாகத் திறக்க முடியாமை – இவற்றில் எது இருந்தாலும் அரசு பல் மருத்துவக் கிளினிக்கில் காட்டலாம். பார்த்துச் சொல்லச் சில நிமிடமே ஆகும். சந்தேகம் இருந்தால் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். எத்தனை ஆண்டுப் பழக்கம், எந்தக் கன்னத்தில் அடக்கி வைப்பது வழக்கம், புகையிலையும் சேர்ப்பதுண்டா என்பதைப் போன உடனேயே டாக்டரிடம் சொல்லிவிட்டால், எந்த இடத்தைக் கூர்ந்து பார்ப்பது என்று அவருக்குத் தெரியும்.