மிதிபலகைக்கு ஒரு காப்புத் தகடு

அமெரிக்காவில் 1947ஆம் ஆண்டு முதல் 1955ஆம் ஆண்டு வரை உருவான செவ்ரோலே பிக்கப் வண்டியைக் காண்போர் கண்ணில் முதலிற் படுவன, உருண்டு திரண்ட மட்காட்டுகளும் கதவின் கீழே நீண்டு கிடக்கும் மிதிபலகைகளுமேயாம். 1955இல் வந்த புதிய வடிவத்தில் அப்பலகை, கதவை மூடியதும் மறைந்துவிடும் படியாக மாறிற்று. ஆகவே பழைய வண்டியைப் பேணுவோர் மிதிபலகையை அதன் முகமாகவே மதிக்கின்றனர்.

ஏறுகின்ற கால் பெரும்பாலும் ஒரே இடத்திலேயே படும். அங்கே வர்ணம் தேய்ந்து, உருக்கு வெளிப்பட்டு, கறள் பிடிக்கும். இதனைத் தடுக்கவே வரியோடிய அலுமினியத் தகடொன்றை அவ்விடத்திற் பதிக்கின்றனர். ஈரச் சப்பாத்து வழுக்காதிருப்பது இன்னொரு பயன்.

ஆனால், காக்க வந்த தகடே கேட்டுக்குக் காரணமாவதும் உண்டு. அலுமினியமும் உருக்கும் நேரே தொட்டிருக்க, இடையில் நீர் தேங்கினால், மின்கலத்தில் நிகழ்வதை ஒத்த மாற்றம் தொடங்கி அலுமினியம் அரிபடும். வர்ணம் கீறுண்ட இடத்தில் உருக்கும் கறளேறும். மேலே தகடு மின்னிக்கொண்டிருக்கையில் கீழே நடப்பதை யார் அறிவார்? இவ்விரண்டிற்கும் நடுவே இறப்பர் விரிப்பு அவசியமாவது இதனாலேதான்.

துளையிட்ட பின் பலகையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எளிதன்று. எனவே சப்பாத்தின் அடியிற் சோக்குத்தூள் பூசி, நாலைந்து முறை இயல்பாக ஏறி இறங்கிப் பார்ப்பது நல்லது. தடம் விழுமிடமே தகட்டுக்குரிய இடம். அது கதவின் நேர்நடுவாக இருக்கவேண்டியதில்லை. பலகையைத் தாங்கும் இரும்புத் தாங்கிகள் அடியில் எங்கே உள்ளன என்பதையும் குனிந்து பார்த்தல் வேண்டும். கடதாசியில் தகட்டின் வடிவை வெட்டி ஒட்டி, துளைகளைக் குறித்து, முதலிற் சிறு துளையும் பின்னர் உரிய அளவுத் துளையும் இடலாம். மறுபக்கத்துக்கு அதே கடதாசியைப் புரட்டிப் போடவேண்டும். புரட்ட மறந்தால் வண்டி ஒருபுறம் ஒருவிதமாகவும் மறுபுறம் வேறுவிதமாகவும் நிற்கும்.

துளையின் ஓரத்தில் வெளிப்பட்ட உருக்குக்குக் கறள்தடுப்பு வர்ணம் பூசி உலரவிடுதல் முக்கியம். அவசரத்தில் பலர் தவறவிடுவது இதனையே. பின்பு விரிப்பையும் தகட்டையும் வைத்து, அடியில் அகன்ற வாஷரிட்டு முடுக்கலாம். இறப்பர் சற்றே நசுங்கினாற் போதும். மேலும் முடுக்கினால் மெல்லிய பலகை குழிந்து, மழைநீர் தங்குவதற்கு இடமுண்டாகும்.