கிடங்குக் கூரையின் கொதிப்பைத் தடுக்கும் அலுமினியத் தாள்: நாமே பொருத்திக்கொள்ளும் முறை

பங்குனி பிறந்தால் தகரக் கொட்டகையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரைக்கடியிலும் சரக்கு வைத்திருக்கும் வணிகர்களுக்குக் கவலையும் கூடவே பிறந்துவிடுகிறது. காலையில் கட்டியாக இருந்த வனஸ்பதி மதியம் டின்னுக்குள் தளும்புகிறது. ஜாடியில் இருக்கும் சாக்லேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கற்பூரம் ஆவியாகி எடை குறைகிறது. பெருங்காயம் மணத்தை இழக்கிறது. எண்ணெய் வகைகளில் சிக்கு வாடை சீக்கிரமே தலைகாட்டுகிறது. இவற்றில் எதையும் நாம் தனியாக நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை. வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கும்போதுதான் தெரிகிறது. மேல்பரணில் ஏறி மூட்டை இறக்கும் ஊழியர் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவதும் நாம் பார்க்காததல்ல. 2024-ஆம் ஆண்டில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. ஆகவே இது வெறும் சௌகரியம் பற்றிய பேச்சு இல்லை.

கூரையை மாற்றுவதென்றால் பெரும் செலவு. குளிர்சாதனம் வைக்கலாமென்றால் மின்கட்டணம் கல்லாவைக் காலி செய்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே, சிறு கடைக்காரர் இரண்டு நாள் காலை வேளையில் தாமே செய்துகொள்ளக்கூடிய வழி ஒன்று உண்டு. கூரைக்குக் கீழே சிறிது இடைவெளி விட்டு, பளபளப்பான அலுமினியத் தாளைத் திரைபோலக் கட்டுவதுதான் அது.

இது புதிய தத்துவம் ஒன்றுமில்லை. நாம் தினமும் டீ வாங்கிவரும் பிளாஸ்க்கைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் கண்ணாடிக் குப்பி வெள்ளிபோல் மின்னும். 1892-இல் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி உருவாக்கிய குடுவைதான் அதற்கு மூலம். அந்த மினுமினுப்பு அழகுக்காகப் பூசியதல்ல. சூடு கதிராக வெளியேறாமல் தடுப்பதே அதன் வேலை. 1973 மே மாதம் அமெரிக்கா ஏவிய ஸ்கைலாப் விண்வெளி நிலையம், ஏவப்படும்போதே தன் மேல் கவசத்தை இழந்து உள்ளே அடுப்பாகக் கொதித்தது. அங்கே போய்ச் சேர்ந்த வீரர்கள் அலுமினியம் பூசிய துணியைக் குடைபோல் வெளியே விரித்த பிறகுதான் உள்ளே இருந்து வேலை செய்ய முடிந்தது. நம் கொட்டகைக்குச் செய்யப்போவதும் அதே வேலைதான், உள்பக்கமாக.

வெப்பம் மூன்று வழியில் நகரும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பொருள் வழியாகக் கடத்தல், காற்றோடு கலந்து செல்லும் சலனம், இடையில் எதுவும் தேவைப்படாத கதிர்வீச்சு. கூரைக்கடியில் நின்றால் உச்சந்தலை எரிகிறதே, அது பெரும்பாலும் மூன்றாவது வகை. சூடான காற்று மேலேதான் நிற்கும், தானாகக் கீழே இறங்காது. ஆனால் காய்ந்த கூரை, அடுப்புத் தணலைப்போல் கீழே உள்ள ஆளின்மீதும் மூட்டையின்மீதும் நேராகக் கதிரை வீசிக்கொண்டே இருக்கிறது.

எவ்வளவு வீசுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உச்சி வெயிலில் கல்நார்த் தகடு 60 டிகிரி செல்சியஸ் வரை ஏறுவதாகவும், கீழே உள்ள தரையும் சரக்கும் 35 டிகிரியில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு சதுர மீட்டர் கூரையிலிருந்து கீழே இறங்கும் கதிர்வெப்பம் ஏறத்தாழ 170 வாட். 10 அடிக்கு 20 அடி கிடங்கின் கூரை சுமார் 18.5 சதுர மீட்டர். மொத்தம் 3,000 வாட்டைத் தாண்டுகிறது. அதாவது 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் மூன்றைத் தலைகீழாக உத்தரத்தில் தொங்கவிட்டு மதியம் முழுவதும் எரியவிட்டதற்குச் சமம். சுத்தமான அலுமினியத் தாள் தன்மீது விழும் கதிர்வெப்பத்தில் நூற்றுக்கு 95 பங்குக்குமேல் திருப்பி அனுப்பும். தான் சூடேறினாலும் அந்தச் சூட்டைக் கதிராக வெளியே விடுவதில் மகா கஞ்சன். இதனால் 3,000 வாட்டும் அப்படியே மறைந்துவிடும் என்று நினைக்கக்கூடாது. காற்றின் வழியாகக் கொஞ்சம் வந்தே தீரும். ஆனாலும் பெரும்பகுதி நின்றுவிடும்.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. பளபளப்பான முகத்துக்கு எதிரே காற்று இடைவெளி கட்டாயம் இருக்க வேண்டும். குறைந்தது ஒரு அங்குலம், இரண்டு மூன்று அங்குலம் இருந்தால் நல்லது. தாளைத் தகரத்தோடு ஒட்டிவிட்டால் மேல்பக்கம் பலனற்றுப்போகிறது, அலுமினியம் சூட்டைக் கடத்துவதில் கெட்டிக்காரன் ஆயிற்றே. தாளின்மேல் பலகையோ அட்டையோ அடுக்கினாலும் அதே கதிதான். சிலர் அழகுக்காக அடியில் பிளைவுட்டை ஒட்டி அடித்துவிட்டு “ஒன்றும் பிரயோஜனமில்லை” என்று சொல்வதற்குக் காரணம் இதுவே.

எந்தத் தாளை வாங்குவது? சந்தையில் மூன்று நான்கு ரகம் கிடைக்கிறது. நெய்த பிளாஸ்டிக் சாக்குத்துணியின் இருபுறமும் அலுமினியம் ஒட்டியது ஒரு ரகம். நடுவே காற்றுக் குமிழி வைத்த ரகம் இன்னொன்று. நுரை அட்டையின்மேல் ஒட்டியதும் உண்டு. நம் வேலைக்கு முதல் ரகமே போதும். கிழியாது, விலையும் குறைவு. குமிழிக்கு அதிகப் பணம் கொடுப்பதால் அதற்கேற்ற அதிகப் பலன் கிடைப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். பளபளப்பாக இருப்பதெல்லாம் அலுமினியமும் அல்ல. பரிசுப்பொருள் சுற்றும் காகிதம்போல் மேலே தடித்த பிளாஸ்டிக் படலம் போட்டிருந்தால், கண்ணுக்கு மின்னும், வெப்பத்தை விழுங்கிக்கொள்ளும். சோதிக்க எளிய வழி, உள்ளங்கையைத் தாளின்மேல் படாமல் மிக அருகே கொண்டுபோவது. நல்ல தாளானால் நம் கையின் சூடு நமக்கே திரும்பி வந்து கதகதப்புத் தெரியும். வெள்ளிப் பெயின்ட் அடித்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அதன் பலன் தாளுக்கு வெகுதூரம் பின்னால்தான்.

இன்னொரு சோதனையையும் தயவுசெய்து தவறாமல் செய்யுங்கள். ஒரு சிறு துண்டை வாங்கி, கடைக்கு வெளியே திறந்த இடத்தில் இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். தீயை எடுத்த பிறகும் சொட்டுச்சொட்டாக எரிந்துகொண்டே போகும் சரக்கு நமக்கு வேண்டாம். நம் கிடங்கில் கற்பூரமும் தீப்பெட்டியும் எண்ணெயும் இருக்கின்றன என்பதை மறந்துவிடக்கூடாது.

வாங்கும் அளவு பற்றி: சரிவான கூரையானால் தரையை அளக்காமல் சரிவை அளக்க வேண்டும். 4 அடி அகலச் சுருள் என்று வைத்துக்கொள்வோம். பட்டைக்குப் பட்டை 3 அங்குலம் மேலேறி நிற்க வேண்டும் என்பதால் உண்மையில் மூடுவது 3 அடி 9 அங்குலம். 20 அடி நீளத்தை மூட 6 பட்டைகள். ஒவ்வொன்றும் 10 அடியோடு முனைக்கட்டுக்கு 1 அடி சேர்த்து 11 அடி. ஆக 66 அடி, அதாவது சுமார் 20 மீட்டர் சுருள். இதோடு கட்டுக்கம்பி, ஒட்டுவதற்கு அலுமினிய டேப், ஓரங்களுக்குச் சிறுகண் கம்பிவலை. மரச்சட்டமானால் மெல்லிய ரீப்பர் கட்டைகளும் ஆணியும்.

இனி என் தவறைச் சொல்கிறேன். எங்கள் கிடங்கில் இதைச் செய்தபோது, அரைநாள் வியாபாரம் கெடக்கூடாது என்று மெயினை அணைக்காமல் வேலையைத் தொடங்கிவிட்டேன். உத்தரத்தோடு ஓடிய பழைய வயர் ஒன்றின் இணைப்பில் டேப் உரிந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. தாளை இழுத்துக் கட்டும்போது அது அங்கே உரசியது. தாள் முழுவதும் மின்சாரம் பாய்ந்து, ஏணியில் நின்ற என் தம்பி தூக்கியெறியப்பட்டான். கீழே அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்ததால் தோள்பட்டை அடியோடு தப்பினான். அந்த இடத்தில் வெறும் தரை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இப்போதும் நடுக்கமாக இருக்கிறது. அலுமினியத் தாள் என்பது கூரை அகலத்துக்கு விரித்த மின்கம்பி என்று எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்துக் கூரையடி வயர்களையெல்லாம் குழாய்க்குள் போடச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அதையும் பொருத்துங்கள். வேலை முடியும்வரை மெயின் அணைந்தே இருக்கட்டும். விளக்கு மாட்டும் இடத்தில் தாளை நாலாபுறமும் அரை அடி விலக்கி வெட்டிவிட வேண்டும்.

கல்நார்க் கூரை உள்ளவர்களுக்கு மேலும் ஒரு எச்சரிக்கை. அந்தத் தகட்டில் துளைபோடவோ அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். கட்டுவதையெல்லாம் அடியில் உள்ள இரும்பு அல்லது மரச் சட்டத்தில் மட்டுமே கட்ட வேண்டும். ஒட்டடையை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாமல் ஈரத்துணியால் துடைப்பது நல்லது. தகட்டின்மேல் யாரும் ஏறவும் கூடாது. பழைய தகடு ஆள் பாரம் தாங்காது.

வேலை முறை இதுதான். காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் ஏணியை விட்டு இறங்கிவிட வேண்டும். அதன்பின் கூரையடியில் நிற்பது ஆபத்து. முகமூடியும் கண்ணாடியும் அவசியம். சரக்கை ஓரம் கட்டி, படுதா போட்டு மூடுங்கள். கூரையில் ஒழுகல் இருந்தால் இப்போதே அடைத்துவிடுங்கள், தாள் கட்டிய பிறகு ஒழுகும் இடம் தெரியாது. இரும்புச் சட்டமானால், சட்டத்துக்குச் சட்டம் கட்டுக்கம்பியை ஒன்றரை அடிக்கு ஒன்றாக விறைப்பாக இழுத்துக் கட்டினால் கயிற்றுக் கட்டில்போல் ஒரு தாங்கி கிடைக்கும். அதன்மேல் பட்டைகளை ஒவ்வொன்றாக விரித்துச் செருகி, இணைப்புகளில் டேப் ஒட்டுங்கள். மரச்சட்டமானால் சட்டத்தின் அடியில் தாளை வைத்து அதன்மேல் ரீப்பர் வைத்து ஆணி அடித்தால் போதும். மத்தளத் தோல்போல் இழுக்க வேண்டியதில்லை. சற்றுத் தொய்ந்தாலும் பலன் குறையாது.

தாளின் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாக இருந்தால் அதை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் எல்லாருக்கும் குழப்பம் உண்டு. கீழ்நோக்கி வையுங்கள். மேல்நோக்கி வைத்தால் இரண்டு வருடத்தில் தூசு படிந்து மினுமினுப்பு போய்விடும். கீழ்முகத்தில் தூசு தங்காது, சூட்டைக் கீழே விடாத அதன் கஞ்சத்தனமும் நிலைத்து நிற்கும்.

ஓரங்களை முழுவதும் அடைத்துவிடக்கூடாது. கூரைக்கும் தாளுக்கும் நடுவே காயும் காற்று வெளியேறத் தாழ்வாரப் பக்கமும் முகட்டுப் பக்கமும் வழி வேண்டும். ஆனால் வழி விட்டால் எலி விடுமா? மளிகைக் கிடங்கின் எலிக்கு இதைவிட நல்ல மெத்தை கிடைக்காது. அதற்குத்தான் சிறுகண் கம்பிவலை. மார்கழி விடியற்காலையில் தகரத்தின் அடியில் பனி கோத்துச் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொட்டு தாளின்மேல் தேங்காமல் இருக்க, தாளும் கூரையைப் போலவே சரிவாக இருக்கட்டும், சரிவின் கடைசி முனை அரிசி மூட்டைக்கு நேர்மேலே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த மறுநாள் மதியம் சுவரில் மாட்டிய வெப்பமானியைப் பார்த்து நான் ஏமாந்தே போனேன். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உச்சந்தலையில் அந்த எரிச்சலைக் காணோம், மேல் அடுக்கு டின்கள் தொட்டால் சுடவில்லை. வெப்பமானி பெரும்பாலும் காற்றின் சூட்டைத்தான் காட்டும். தாள் தடுப்பது கதிரை. சரக்கின்மேல் கை வைத்துப் பார்ப்பதே சரியான சோதனை. கதவும் சன்னலும் சாத்திய கிடங்கில் காற்றும் தேங்கி நிற்கும் என்பதால் ஒரு வெளியேற்று விசிறியும் வேண்டும். காங்கிரீட் தளமுள்ள கடைகளுக்கு இந்த முறை அவ்வளவாகப் பொருந்தாது. மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ குளிர்கூரைப் பெயின்டோ அடிப்பதுதான் அவர்களுக்கு மேல். தகரக் கூரைக்காரர்களும் வெளியே வெள்ளை, உள்ளே தாள் என்று இரண்டையும் செய்தால் மிக நல்லது.

வாடகைக் கடையானால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆணி அடிக்காமல் கம்பியில் கட்டியதைக் காலி செய்யும்போது சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். கல்நார்க் கூரைக்கடியில் கட்டினால் கைப்பேசிக்கு அலை குறையக்கூடும். யு.பி.ஐ. ஒலிபெருக்கியைக் கல்லாவுக்குப் பக்கத்தில், வாசலை ஒட்டி வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. ஆண்டுக்கொருமுறை மாசிக் கடைசியில் மெயினை அணைத்துவிட்டு, டேப் உரிந்த இணைப்புகளையும் எலி கடித்த வலையையும் ஒரு நடை பார்த்துச் சரிசெய்தால் போதும்.