பக்கத்திலிருந்து நடுவுக்கு!

மார்கழியில் மயிலாப்பூர் சபா எதிலாவது கச்சேரி கேட்டிருக்கிறீர்களா? மேடை நடுவில் பாடகர், பக்கத்தில் வயலின். பாடகர் ராகத்தை எப்படி வளைத்தாலும் வயலின்காரர் நிழல்போலத் தொடர வேண்டும். தன் முறை வந்தாலும் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளக் கூடாது. கஷ்டமான வேலைதான்!

ஐரோப்பாவில் பிறந்த இந்தக் கருவியைச் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் நம் இசைக்குப் பழக்கியவர் பாலுசாமி தீட்சிதர். அங்கே தாடையில் இடுக்கி வாசிப்பார்கள். நம்மவர்களோ தரையில் உட்கார்ந்து, அதன் தலைப்பகுதியை வலது பாதத்தில் ஊன்றிக்கொள்கிறார்கள். ஏன் தெரியுமா? இடது கை கருவியைத் தாங்க வேண்டியதில்லை. விரல்கள் தந்தியில் வழுக்கி ஓடலாம். கமகத்துக்கு அதுதானே வேண்டும்!

ஆனாலும் வெகுகாலம் அது பக்கவாத்தியம்தான். பாட்டே இல்லாமல் வயலினை மட்டும் யார் உட்கார்ந்து கேட்பார்கள்? கேட்க வைத்தார் துவாரம் வெங்கடசாமி நாயுடு (1893-1964). கண்பார்வை மங்கலான அவர், வில்லை நீளமாக இழுத்து வாசிப்பதில் மன்னர். 1938-ல் வேலூரில் தனிக் கச்சேரியே செய்தார். 1941-ல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது தந்தது. பிறகு லால்குடி ஜெயராமன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் போன்றவர்களும் நடுவில் அமர்ந்து வாசித்தார்கள்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே வயலினின் அண்ணன் வயோலா. கொஞ்சம் பெரிசு, குரலும் கனம். வாத்தியக் குழுவில் அமுங்கிக் கிடந்த அதைத் தனியாக ஒலிக்க வைக்கப் பாடுபட்டவர் லயனல் டெர்டிஸ் (1876-1975). வேடிக்கை என்னவென்றால், வில்லியம் வால்டன் வயோலாவுக்கென்றே எழுதிய இசையை அவர் முதலில் வாசிக்க மறுத்துவிட்டார்! 1929-ல் அதை அரங்கேற்றியவர் ஜெர்மனிக்காரரான ஹிண்டமித். பிற்பாடு டெர்டிஸும் ஆசையாக வாசித்தார்.

அந்த வயோலாவிலும் நம் ராகங்களை வாசித்த ஒருவர் சென்னையில் வாழ்ந்தார். யார் தெரியுமா? பாடகர் பாலமுரளிகிருஷ்ணா!